தவணை முடிவுக் கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தத் தவணையும் நல்லபடியாக முடிந்தது. பேச்சுப் போட்டியிலும் விளையாட்டுப் போட்டியிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள், எல்லாருக்கும் பாராட்டுகள். தேர்வு அறிக்கை பிள்ளைகளின் பையில் இருக்கிறது. கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்வந்தது பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

எகிப்தியச் சிற்பக் கூடத்தில் இரண்டு சிவப்புக் கிரானைட் சிங்கங்கள் உண்டு. முன்னங்கால்களைக் குறுக்கே போட்டு, முகத்தை நம் பக்கம் திருப்பி, மதியச் சாப்பாடு முடித்துச் சாய்ந்த மாதிரிப் படுத்திருக்கும். கி.மு. 14ஆம் நூற்றாண்டில், எகிப்திய அரசர் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தில், இன்றைய சூடானில் உள்ள சோலெப் கோயிலுக்காகச் செய்தவை. பின்னர் துட்டன்காமுன் என்ற இன்னொரு எகிப்திய அரசர் எழுத்துப் பொறித்தார். இன்னும் பல நூற்றாண்டுகள் கழித்து அமனிஸ்லோ என்ற குஷ் நாட்டு அரசர், சூடானிலேயே உள்ள ஜெபல் பர்கல் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்த் தன் பெயரையும் வெட்டினார். 1835இல் புரூடோ பிரபு என்ற ஆங்கிலேயர் மியூசியத்துக்குக் கொடுத்தார். அங்குள்ள எகிப்தியப் பதிவேட்டில் 1, 2 என்ற எண்கள் இவற்றுக்குத்தான்.

அப்படிப்பட்ட சிங்கத்தின் முதுகில் நம் பள்ளிப் பிள்ளை ஒன்று போட்டோவுக்காக உட்கார்ந்திருந்தது. பிள்ளை ஏறவில்லை, ஏற்றிவிடப்பட்டது. ஏற்றிவிட்ட பெற்றோர் யார் என்று எழுதப் போவதில்லை. ஆசையில் செய்தது என்பதும் புரிகிறது. கூடத்தில் அத்தனை கூட்டம், சிங்கமும் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. ஆனாலும் கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கல்லில் படியும், ஜிப்பும் சப்பாத்தும் கீறும். காவலரிடம் மன்னிப்புக் கேட்டு நின்றது நான். பக்கத்தில் நின்ற நான்காம் வகுப்புப் பிள்ளை, “ராஜா மட்டும் பேர் வெட்டலாமா, மிஸ்?” என்று கேட்டது. அதற்கும் பதில் என்னிடம் இல்லை.

எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சுற்றுலாவுக்குக் கூட வரும் பெற்றோர் “காட்சிப் பொருளைத் தொடமாட்டோம், பிள்ளைகளைத் தொடவும் விடமாட்டோம்” என்று கையெழுத்திட்ட பிறகே வரலாம். மீறினால் மறுமுறை அழைக்கமாட்டோம். இதில் விதிவிலக்கு இல்லை. தொட்டே பார்க்க ஆசை என்றால், அதற்கென்றே சில கூடங்களில் மேசை போட்டுப் பொருட்களைக் கையில் தருகிறார்கள். வரிசையில் நிற்கலாம்.

சரி, கோபம் அவ்வளவுதான். ரயிலில் பிள்ளைகளை எண்ணி எண்ணிக் களைத்த அப்பாக்களுக்கும், இடியப்பப் பொட்டலம் கட்டித் தந்த அம்மாக்களுக்கும் மிக்க நன்றி. சிங்கத்தின் முன் பத்துப் பேரைத் தரையில் உட்காரவைத்து வரையச் சொன்ன அம்மாவுக்குத் தனி நன்றி. படங்கள் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. ஒரு சிங்கத்துக்கு ஐந்து கால்கள், திருத்தவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்