ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தங்கச்சி கையெழுத்து எவ்வளவு திருந்திவிட்டது! போனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அவளையே நிதானமாக வாசிக்கச் சொல்.

பர்ஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கேட்டிருந்தாய். நீ தென்காசியில் வாங்கித் தந்த சிவப்புப் பர்ஸில் ஜிப் போய்விட்டது. இந்த ஊர்ச் சில்லறையை அது எப்படித் தாங்கும்? 1 சென்ட் முதல் 2 யூரோ வரை எட்டு வகைக் காசு. நம் ஊரில் டீக்கடையில்கூட போனைக் காட்டிப் பணம் கொடுக்கிறார்கள், இங்கே பல பேக்கரிகளில் ரொக்கம்தான். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியை எடுக்கவே அதன் பூட்டில் 1 யூரோவைச் செருக வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் காசு திரும்பி வரும். குளிரில் கையுறையைக் கழற்றினால்தான் காசை எடுக்க முடியும், அதற்குள் விரல் மரத்துவிடும். ஒவ்வொரு நாட்டுக் காசிலும் ஒரு பக்கம் வேறு படம். ஜெர்மனியின் 1, 2 யூரோவில் கழுகு. கிரீஸ் நாட்டு 1 யூரோவில் ஆந்தை. ஆந்தை கிடைத்தால் தம்பிக்காக எடுத்து வைக்கிறேன்.

ஹோட்டலில் பரிமாறும் பெண்கள் இடுப்பில் பெரிய கறுப்புப் பர்ஸைச் செருகியிருப்பார்கள். மேஜைப் பக்கத்திலேயே நின்று, செங்கோட்டை பஸ் கண்டக்டர் பையைத் துழாவுகிற மாதிரி, பார்க்காமலே மீதியை எடுத்துத் தருவார்கள்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தேனே, அவர் கடையில் 7 யூரோ 83 சென்ட் என்றால் அந்த மூன்று சென்ட்டையும் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் கவலையில்லை. என் பிறந்தநாளுக்கு ஒரு தோல் பர்ஸ் தந்தார். திறந்தால் உள்ளே ஒரு சென்ட்! காலிப் பர்ஸைப் பரிசாகக் கொடுக்கக் கூடாதாம். நம் ஆச்சியும் இதைத்தானே சொல்வாள்? எனக்கு ஒரே ஆச்சரியம்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் குளிப்பாட்டித் தலை சீவியதும் பர்ஸைக் கேட்பார். அதில் நாலைந்து காசு, ஓரம் மடங்கிய ஒரு போட்டோ, அவ்வளவுதான். காபியைக் கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு என்று கேட்டுப் பர்ஸைத் திறப்பார். "நேற்றே கொடுத்துவிட்டீர்கள்" என்று சொன்னால்தான் மூடுவார்.

நான் கிளம்பிய அன்று ஆச்சி சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தாள், நினைவிருக்கிறதா? அதைப் புதுப் பர்ஸின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி எடுத்து முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசம் இன்னும் போகவில்லை. அம்மா, உங்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வாசல் திண்ணையில் ஆச்சி பக்கத்தில் ஒரு மத்தியானம் படுத்துக்கிடந்தால் போதும்.

சரி, அதை விடு. ஹம் ஊரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. ரயிலில் போய் உன் பேருக்கும் அப்பா பேருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

இந்த மாதம் பணம் வர கொஞ்சம் தாமதமாகும். ஹீட்டருக்கு வருஷக் கணக்குப் பார்த்துப் பாக்கி கட்டச் சொன்னார்கள், வேறொன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். வளையலை வைத்த நகைக் கடனுக்குத் தவணை முடியுமுன் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க அப்பாவிடம் சொல். மேலத்தெரு மாமாவிடம் கைமாற்றுக் கேட்கவே வேண்டாம், அப்புறம் மதினியைக் குத்திப் பேசுவார். மதினி வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுது. மழைக்கு முன்னால் பின்கட்டு ஓடுகளை மாற்றிவிடுங்கள். ஆச்சி கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. பெரிய அத்தான் கார் அனுப்புகிறேன் என்றாரே, புதன்கிழமையே கூட்டிக்கொண்டு போ. டாக்டர் சீட்டைத் தங்கச்சி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும்.

அன்புடன்,
உன் மூத்தவள்