வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. தை மாதத்தில் விதைப் பரிமாற்றம் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் செடிகளின் சாற்றை உறிஞ்சும் நுண்ணுயிரான சிலந்திப்பேனைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஆண்டு நாம் இழந்த செடிகளில் பெரும்பாலானவை அதற்குத்தான் பலியாயின.

கோடையில் ஓர் உறுப்பினர் வீட்டுக்கூடத்தில் அரிக்கா பனை என்ற அலங்காரத் தொட்டிச்செடி வெளிறத் தொடங்கியது. ஏசி ஓடும் அறை. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி அவர் கூடுதலாக ஊற்ற, வேரும் அழுகியது. நான் போய்ப் பார்த்தபோது இலையெங்கும் ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள். ஓலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். மிளகாய்ப்பொடி சிந்தியது போல நாலைந்து துகள்கள் விழுந்தன. சற்று நேரத்தில் அவை நடக்கத் தொடங்கின. அந்த அம்மாவின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. பத்து வருடம் வளர்த்த செடி அது.

சிலந்திப்பேன் பூச்சி இனமே அன்று. எட்டுக் கால்கள், அரை மில்லிமீட்டர் நீளம், இலையின் அடிப்புறத்தில் குடியிருப்பு. அது பின்னும் நூலாம்படை கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக ஒரு வாரமே போதும்.

உரக்கடையில் கேட்டால் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைத் தருகிறார்கள். வாங்காதீர்கள். அது பேனைக் கொல்லாது. பேனைத் தின்னும் பொறிவண்டுகளைத்தான் கொல்லும். அடித்த பிறகு பேன் பெருகியதை நம் உறுப்பினர்கள் இருவர் வீட்டில் கண்டோம்.

நமக்குப் பலன் தந்த முறை எளியது. செடியைத் தனியே ஒதுக்கி, குளியலறையில் வைத்து, இலையின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். காய்ந்த பின், மாலையில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். முதலில் ஓர் இலையில் சோதித்துப் பாருங்கள். முட்டைகள் தப்பிவிடும், ஆகவே 5 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது செய்யாமல் விட்டுவிடக் கூடாது. ஒரே முறை அடித்து நிறுத்தியவர்கள் வீட்டில் பேன் திரும்பி வந்தது.

இவ்வாண்டு பேன் நுழைந்ததே நர்சரியிலிருந்து வாங்கிய ரோஜாத் தொட்டி ஒன்றின் வழியாகத்தான். புதுச் செடியை இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேர்க்கும்படி அனைவரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கப் பணத்தில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைக்கண்ணாடிகள் மூன்று வாங்கினோம். ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தந்தால், மாடியில் செம்பருத்தி வாடும் வீட்டுக்கு இன்று மாலையே எடுத்துச் செல்வேன்.

செயலாளர்