பேசச் சொல்லாதவர்களுக்கு நன்றி

ஞாயிறு நடைக்குழுவினருக்கும், மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தாருக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வணக்கம்.

இதை நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை வாயெடுத்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் "வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் எனக்குச் செய்தது எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. முதல் முறை நடைக்கு வரவேண்டிய அன்று விடியற்காலையில் தலைவலி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். நீங்கள் கதவைத் தட்டி, "எட்டு மணிக்கு முடிந்துவிடும். நடுவில் கிளம்பத் தோன்றினால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். வந்தால் பிடித்துவிடும் என்று ஆசை காட்டியவர்கள் உண்டு. எப்போது முடியும் என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். எப்போது வெளியே வரலாம் என்று தெரிந்தால் எந்தக் கூட்டத்துக்குள்ளும் என்னால் போக முடிகிறது.

நடையை வழிநடத்தும் ஐயாவுக்கு: வட்டமாக நிற்கவைத்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வீர்கள் என்று பயந்துகொண்டே வந்தேன். அந்த முறை என்னை நெருங்க நெருங்க, எனக்கு முன்னால் பேசுகிறவர்களின் பெயர் ஒன்றுகூடக் காதில் விழாது. நீங்களோ "பேசினால் பறவைகள் பறந்துவிடும், வாருங்கள்" என்று சொல்லி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள். இருபது பேர் சேர்ந்து வாய் மூடி நடந்தோம். இத்தனை ஆண்டுகளாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த மௌனம், அங்கே எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்காக இருந்தது.

அந்தக் குழியானைப் பூச்சியை மறக்க மாட்டேன். மரத்தடி மணலில் புனல் போல ஒரு சிறு குழி. மண்டியிட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். விளிம்பில் கால் வைத்த எறும்பின் கீழே மணல் சரிந்தது. அது ஏறப் பார்த்தபோதெல்லாம் அடியிலிருந்து மணல் துகள்கள் அதன் மேல் வீசப்பட்டன. பிறகு வளைந்த இரண்டு தாடைகள் தெரிந்தன, எறும்பைக் காணவில்லை. இந்தப் புழுவே வளர்ந்து தும்பியைப் போன்ற சிறகுகளோடு அந்தியில் பறக்கும் என்றீர்கள். என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவரிடம், "இந்தக் குழியை எப்படித் தோண்டுகிறது?" என்று கேட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேச்சுக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். "பின்பக்கமாகவே நகர்ந்து, சுற்றிச் சுற்றி" என்று விரலால் மணலில் ஒரு சுருளை வரைந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி.

பிப்ரவரி மாதப் பறவைக் கணக்கெடுப்பில் என்னைச் சேர்த்ததற்கும் நன்றி. 1998இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பில் உலகெங்கும் நான்கு நாட்களுக்கு மக்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும். 15 நிமிடம் என்றதால்தான் சரி என்றேன். ஒன்றே கால் மணி நேரம் நின்றிருந்தேன்.

வாசிப்புக் கூட்டத்தாரே, முன்பு வேறோர் இடத்தில் "ஏன் இப்படி உம்மென்று இருக்கிறீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் கேட்டதிலிருந்து நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. நீங்கள் நாற்காலி போடும் வேலையைக் கொடுத்தீர்கள். கையில் வேலை இருந்தால் எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது என்ற தவிப்பு இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 1921இல் உளவியல் அறிஞர் கார்ல் யுங் அகமுகம், புறமுகம் என்று மனித இயல்பைப் பிரித்தபோது, மனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் சொன்னார். கூச்சம் வேறு, அதில் பயம் இருக்கிறது. என்னிடம் இரண்டும் உண்டு. பயத்தை நீங்கள் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள். இயல்பின் மேல் கை வைக்கவில்லை. அதற்காக என் உள்ளம் நிறைந்த நன்றி.

அடுத்த நடைக்கு வருகிறேன், ஐயா. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வரிசையின் கடைசியில் ஓர் ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நடைத்தோழர்