பாறைக்கு கார்பன் கணக்கு பலிக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் பல்லாவரம் மலைப் பாறையைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த துணுக்கை நம்ம ஊர் விஷயமாச்சே என்று ஆசையாகப் படித்தேன். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போனதும், அதை வைத்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்ததும் சரிதான். கடைசி வரியில்தான் இடறிவிட்டீர்கள். ‘கார்பன் டேட்டிங் மூலம் இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் எனத் தெரிகிறது’ என்று போட்டிருந்தீர்கள். வயது சரி, முறை தப்பு.

கீழடிக்கு அப்புறம் ‘பழசு’ என்றாலே கார்பன் என்று ஆகிவிட்டது. கீழடியில் அது பொருந்தும். உயிரோடு இருந்த ஒன்று செத்த பிறகு அதிலுள்ள கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பன் சிதைந்து குறைந்துகொண்டே வரும், 5730 ஆண்டில் பாதியாகும். 2600 ஆண்டுப் பழைய கரித்துண்டில் இன்னும் 73 சதவீதம் மிச்சம் இருக்கும், அளந்துவிடலாம். 50,000 ஆண்டைத் தாண்டினால் கால் சதவீதம்கூட மிஞ்சாது. இந்தப் பூமி மொத்தமும் கார்பன்-14ஆகவே இருந்திருந்தாலும் 10 லட்சம் ஆண்டில் ஓர் அணு தேறுவதே சந்தேகம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 250 கோடி ஆண்டை எப்படி அளப்பது? போதாததற்கு, சார்னோக்கைட் என்றைக்கும் உயிரோடு இருந்ததில்லை.

ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி உங்கள் துணுக்கைக் காட்டி ‘அரை ஆயுட்காலம்னா என்ன பாட்டி’ என்றாள். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி வைப்போமே, அந்தப் புளியங்கொட்டை 120 எடுத்து முறத்தில் போட்டுக் குலுக்கினோம். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்ததெல்லாம் ‘சிதைந்த அணு’ என்று எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி குலுக்குவது. 120 கறுப்பு 74 ஆனது, அப்புறம் 43, 27, 15. தேய்த்த கொட்டை காசு மாதிரி பாதிக்குப் பாதி விழாது, எங்களுடையது ஒவ்வொரு தடவையும் நாற்பது சதவீதம் போலத்தான் விழுந்தது. ஆனாலும் 120 இருந்தாலும் சரி, 27 இருந்தாலும் சரி, பாதியாகக் குறைய ஏறக்குறைய அதே ஒன்றரைக் குலுக்கலுக்குக் கொஞ்சம் குறைவுதான். அதுதான் அரை ஆயுட்காலம்.

அப்புறம் அவள் கேட்டாளே ஒரு கேள்வி: ‘முதல்ல எத்தனை கொட்டை இருந்துச்சுன்னு பாக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்?’ தட்டைக் காட்டினேன். முறத்தில் இருப்பதையும் தட்டில் இருப்பதையும் கூட்டினால் பழைய கணக்கு வந்துவிடுமே.

பாறையில் அந்தத் தட்டு வேலையைச் செய்வது சிர்கான் என்கிற மணல் பருமனுள்ள படிகம். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் பின்னால் உள்ளே இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே அங்கேயே யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். 250 கோடி ஆண்டுப் படிகத்தில் அப்படிப்பட்ட அணு 100 இருந்திருந்தால் இன்று 68 யுரேனியமாகவும் 32 ஈயமாகவும் இருக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அதே படிகத்துக்குள் இன்னொரு கணக்கும் ஓடுவது: யுரேனியம்-235, அரை ஆயுட்காலம் சுமார் 70 கோடி ஆண்டு, அதில் 100க்கு எட்டு ஒன்பதுதான் மிஞ்சியிருக்கும். இரண்டும் தனித்தனி வகை ஈயமாக மாறுவதால் தனித்தனியே எண்ணலாம். இரண்டு கணக்கும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். நடுவில் பாறை சூடேறி ஈயம் கொஞ்சம் கசிந்திருந்தால் இரண்டும் முரண்டு பிடிக்கும், அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கானுக்கு 440 கோடி ஆண்டு என்று சொல்வது இந்த வழியில்தான்.

திருத்தம் போடுவீர்களோ என்னவோ, இனிமேல் பாறை வயது பற்றிய செய்தி வந்தால் யுரேனியமா, பொட்டாசியமா, எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘கார்பன்’ என்று எழுதத் தோன்றினால் அந்தப் பொருள் எப்போதாவது உயிரோடு இருந்ததா என்று உதவி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை.

பி.கு.: ஒரே ஒரு கொட்டை மட்டும் பதினோராவது குலுக்கல்வரை கறுப்பாகவே கிடந்தது. மொத்தத்தில் பாதி எப்போது போகும் என்று சொல்லலாமே தவிர, எது எப்போது புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேத்தி அதை மட்டும் எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.