ஃபைபர் (கண்ணாடி இழை ஒயர்) இன்டர்நெட் இணைப்பு வாங்குவோர் கவனத்துக்கு

அலங்காநல்லூர் பக்கத்து உறுப்பினர்களுக்கு வணக்கம். இணைப்பு கொடுக்க ஆள் வரும்போது ஸ்பீடு டெஸ்ட் காட்டினால் மட்டும் போதாது. ஒயரில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் அந்த அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளி பலத்தின் அலகு) என்றால் நிம்மதி. மைனஸ் 27-க்கும் கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று ஒளி குறைந்தால் இன்று ஓடும், நாளை நிற்கும். ஒரு ஒயரின் ஒளியை 32 ஆகப் பிரிக்கும் 1:32 ஸ்பிளிட்டர் மட்டுமே ஏறத்தாழ 17 டிபியை (ஒளி இழப்பின் அளவு) தின்றுவிடும். அதனால்தான் வழியில் வீண் ஜாயிண்ட் கூடாது என்கிறோம். ஒயர் முனையில் மாட்டும் கனெக்டரில் பச்சை ஒரு வகை, நீலம் வேறு வகை; பச்சை முனையை நீல முனையோடு சேர்த்தாலும் ஒளி வீணாகும்.

தெருவைக் கடக்கும் ஒயர் 18 அடிக்குக் கீழே தொங்கினால் கரும்பு லாரி அறுத்துவிடும். அறுவடை நேரத்தில் பாதிப் புகார் இதுதான். மிச்ச ஒயரை ஆணியில் இறுக்கிச் சுற்றாமல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாக விடுங்கள்.

மோடத்தில் எல்ஓஎஸ் (LOS, ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு பெரும்பாலும் ஒயரில். ரீசெட் பொத்தானைக் குத்தாதீர்கள். உள்ளே பதிந்த யூசர் ஐடி அழிந்து, ஒயர் சரியான பிறகும் நெட் வராது. கழன்ற ஒயர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. லேசர் கண்ணுக்குத் தெரியாது.

கரண்ட் போனாலும் நெட் வேண்டுமென்றால் மோடத்துக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) போதும். மோடத்தின் அடாப்டரில் போட்டிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.