பூட்டிய வீட்டுக்கு மூன்றாம் முறை

அன்புள்ள கலாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கருத்துக்கணிப்பு வேலைக்குப் போகிறாள், தெரியுமா? நாம் படிவக் கட்டோடு அலைந்த அதே மேலூர்ப் பக்கம். அவள் கையில் டேப்லெட்.

தெருவில் ஒருவர் அவளிடம், "கருத்துக்கணிப்பா, கருத்துத் திணிப்பா?" என்று கேட்டாராம். முகம் வாடி வந்தாள். ஜனங்களையும் குறை சொல்ல முடியாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் பல கணிப்புகள் தி.மு.க. என்றன, அ.தி.மு.க. ஜெயித்தது. 2024-ல் பெரும்பாலானவை பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன; வந்தது 293. ஆனால் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பிள்ளைக்குத்தானே ஏச்சு விழுகிறது.

பயிற்சி வகுப்பில் சொன்ன 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதை நினைவிருக்கிறதா? லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தும், ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லிக் கோட்டைவிட்டது. போனும் காரும் வைத்திருந்தவர்கள் பட்டியலையே பெரிதும் நம்பியதால் வந்த வினை. ஜார்ஜ் காலப் என்ற கணிப்பாளர் அதைவிட மிகக் குறைவான பேரை வைத்தே ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பதுதான் முக்கியம்.

அதனால்தான் வாக்காளர் பட்டியலில் குறித்த ஆளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், வயலுக்கும் மில்லுக்கும் போனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். நம் மேற்பார்வையாளர், "மிச்சம் எட்டுப் படிவத்தை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிரப்புங்கள்" என்றபோது நீ முடியாது என்றாயே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது.

அன்று சாயங்காலம் போன வீட்டை என்னால் மறக்க முடியாது. புருஷன் திண்ணையில் உட்கார்ந்து, "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றதுதான்" என்றார். நீ மாதிரி வாக்குச்சீட்டை அந்த அக்கா கையில் கொடுத்தாய். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, சின்னத்தில் குறியிட்டு நாலாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

இதைத்தான் சின்னவளிடம் சொன்னேன். அவளுக்கும் ஒரு பூட்டிய வீடு பாக்கியாம், இரண்டு முறை போய்த் திரும்பியாகிவிட்டது. அந்த அம்மா விடிந்ததும் களையெடுக்கக் கிளம்பிவிடுவாராம். நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டாயம் வா.

அன்புடன்,
சாந்தி