ஆஸ்திரேலியச் சட்டத்தை முழுதாகச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்ம வயதினரைச் சமூக ஊடகங்களில் அனுமதிக்கலாமா என்ற கேள்வியைச் சென்ற இதழின் தலையங்கத்தில் எடுத்துக்கொண்டு, "ஆஸ்திரேலிய அரசு செய்ததை மொரீஷியஸில் ஒவ்வொரு தாயும் தன் வீட்டுக்குள் செய்துவிட்டால் போதும்" என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. நீங்கள் அந்தச் சட்டத்தைப் படிக்காமல் எழுதியிருப்பீர்கள் என்று எண்ண, இத்தனை ஆண்டுகள் சந்தா கட்டி வாசித்துவரும் எனக்கு மனம் வரவில்லை. படித்துவிட்டும் இப்படி எழுதினீர்கள் என்றால் என் வருத்தம் இன்னும் கூடுகிறது.

2024 நவம்பரில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் எந்தத் தாயிடமும் எதையும் கேட்கவில்லை. 16 வயது நிரம்பாதவர்கள் கணக்கு வைத்திருக்காதபடி நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டிய கடமையை அது முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்ற தளங்களை நடத்தும் நிறுவனங்களின் மீது சுமத்துகிறது. தவறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். மீறி நுழைந்த பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் தண்டனை இல்லை. அரசு அடையாள அட்டையைக் காட்டினால்தான் ஆயிற்று என்று நிறுவனங்கள் வற்புறுத்தவும் கூடாது. இவ்வளவு தெளிவாகப் பொறுப்பை நிறுவனங்களிடம் வைத்த ஒரு சட்டத்தை எடுத்துக்காட்டிவிட்டு, அந்தப் பொறுப்பை அப்படியே எங்கள் வீட்டுத் தாய்மார்களின் தலையில் இறக்கி வைத்திருக்கிறீர்களே, இது எந்த வகையில் நியாயம்?

16 வயதுக்குக் கீழ் இந்தத் தளங்கள் வேண்டாம் என்பதே என் கருத்தும். அதில் உங்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. இப்போது நிறுவனங்கள் சொல்லிவரும் 13 என்ற எல்லை, பிள்ளைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்து எவரும் வகுத்ததன்று. 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்று 1998-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அனுமதி வாங்கும் தொல்லை தீரும் வயது எதுவோ, அதுவே நுழைவு வயதாக நிலைத்துவிட்டது. 2006-இல் முகநூல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோதும் அதே 13தான். இன்ஸ்டாகிராம் தங்கள் உடல் தோற்றத்தைப் பற்றிய மனக்குறையைப் பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்தின் உள் ஆய்வே குறித்திருந்ததை 2021-இல் உலகம் அறிந்தது. அதன் பிறகும் அந்த எண் மாறவில்லை.

இனி, தாய் தன் வீட்டுக்குள் செய்துவிட்டால் போதும் என்ற உங்கள் கூற்றுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதை என் மகள் எழுத்துப் பிசகாமல் செய்தவள். என் பேத்திக்கு வயது 13. அவளுக்கு எந்தத் தளத்திலும் கணக்கு இல்லை, இணைய வசதியுள்ள கைபேசியும் இல்லை. தைப்பூசக் காவடியன்று அவள் பால்குடம் எடுத்து வந்ததைக் கோயில் தொண்டர் ஒருவர் படம் பிடித்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோயிலின் இணையப் பக்கத்தில் ஏற்றினார். மஞ்சள் நனைந்த பாவாடையுடன், வாயில் வேலுடன் நிற்கும் சிறுமியின் படம். அதை எடுத்து யாரோ அவள் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, படத்தின் கீழே எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் எழுதியிருந்தவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். அவளோடு டியூஷனில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் அது எங்கள் காதுக்கு வந்தது. செய்தவர்கள் அதே டியூஷனுக்கு வரும் பதினான்கு வயதுப் பையன்கள் என்று பின்னர் தெரிந்தது. அந்தத் தளத்துக்கு முறையிட்டோம். தங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்று பதில் வந்தது. பள்ளிக்குப் போனோம், பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் என் மகளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஏன் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தீர்கள்?" என்பது. வாங்கிக் கொடுக்கவில்லை என்று அவள் சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட அந்த அதிகாரிக்கு மனமில்லை. பிள்ளை பல வாரங்கள் டியூஷனுக்குப் போக மறுத்தாள். இந்த ஆண்டு பால்குடம் எடுக்கவும் மறுத்துவிட்டாள். ஒரு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் ஆயிற்று என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கைபேசி எங்கள் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம், வீட்டுப்பாடம், ஆசிரியரின் அறிவிப்பு எல்லாம் கைபேசிக்குள் போயின. பள்ளிகள் திறந்த பிறகு அவை வெளியே வரவேயில்லை. இன்று விளையாட்டுப் பயிற்சியின் நேர மாற்றம் முகநூல் குழுவில் அறிவிக்கப்படுகிறது. நடன வகுப்பின் கட்டணம், தமிழ்ச் சங்கத்தின் ஒத்திகை, எல்லாம் அங்கேதான். அங்கே இல்லாத பிள்ளை தவறான நாளில் தவறான உடையில் போய் நின்று திட்டு வாங்குகிறது. பிள்ளையை அங்கே வரவழைப்பது நிறுவனங்களும் சங்கங்களும், அனுப்பியதற்குக் குற்றவாளி மட்டும் தாய்.

இந்த வரிசையில் உங்கள் இதழும் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தலையங்கம் வந்த அதே இதழின் பின்னட்டையில் 12 முதல் 15 வயது வரையிலானவர்களுக்குத் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி அறிவித்திருக்கிறீர்கள். பிள்ளை குறள் சொல்லும் காணொளியை உங்கள் முகநூல் பக்கத்தில் இணைக்க வேண்டும், அதிக லைக் பெறுபவருக்குப் பரிசு என்கிறது அறிவிப்பு. தமிழாசிரியையாக வாழ்நாளைக் கழித்த எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட வேதனையை எப்படிச் சொல்வது! றகரமும் ழகரமும் பிசகாமல், சீர் பிரித்து, பொருள் உணர்ந்து சொல்லும் பிள்ளை தோற்கும். உறவுக்கூட்டம் பெரிதாக இருக்கும் பிள்ளை வெல்லும். தோற்ற பிள்ளை தன் குறைந்த எண்ணிக்கையை ஊரறியப் பார்த்துக்கொண்டிருக்கும். கிரியோலும் பிரெஞ்சும் சூழ்ந்த வீட்டில், தமிழைப் பள்ளியில் மட்டுமே கேட்டு, ஒரு குறளை மனனம் செய்து வரும் பிள்ளைக்கு நாம் கற்றுத்தரும் முதல் பாடம் இதுவா?

நம் நாட்டிலும் 16 என்ற எண் சட்டத்தில் இருக்கிறது, ஐயா. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் 30-ஆம் பிரிவில், 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தனிப்பட்ட விவரங்களைப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல் எவரும் கையாளக் கூடாது என்கிறது. உங்கள் போட்டி அறிவிப்பில் பிள்ளையின் பெயர், வயது, பள்ளி, முகம் எல்லாம் கேட்கப்பட்டிருக்கின்றன. ஒப்புதல் படிவம் எங்கே? தாயின் கடமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்கள், தாயின் கையெழுத்துக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

அரசுக்கும் இதில் பங்குண்டு. தளங்களை அடக்க நம்மைப் போன்ற சிறு நாட்டால் ஆகாது என்று அமைச்சர்கள் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டேன். 2024 நவம்பர் 1-ஆம் தேதி, தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது, தொலைபேசிப் பேச்சுப் பதிவுகள் கசிந்ததற்காக நாடு முழுவதும் சமூக ஊடகங்களை 11-ஆம் தேதி வரை முடக்க ஒரே நாளில் உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே விலக்கிக்கொண்டார்கள். அந்த முடக்கத்தை நான் ஆதரித்தவள் அல்லள். ஆட்சிக்கு இடைஞ்சல் என்றால் ஒரே நாளில் வருகிற துணிவு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் மானத்துக்கு இடைஞ்சல் என்றால் ஏன் வருவதில்லை என்பதே என் கேள்வி.

இளையவர்கள் பேசக் கூடாது, கூடக் கூடாது என்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். 1975 மே 20-ஆம் தேதி கல்வியில் சம உரிமை கேட்டுப் போர்ட் லூயியை நோக்கி நடந்து, கிராந்த் ரிவியேர் பாலத்தில் கண்ணீர்ப் புகையில் சிதறிய மாணவர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாக்களிக்கும் வயது 18 ஆனதற்கும், 1977-இல் இடைநிலைக் கல்வி இலவசமானதற்கும் அந்த நடை ஒரு காரணம். 2020 ஆகஸ்டில் வாகாஷியோ கப்பலின் எண்ணெய் கடலில் பரவியபோது, முகநூலில் அழைப்பைப் பார்த்து மஹேபூர்க் கரைக்கு ஓடிப்போய், கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து மிதவைத் தடுப்புகள் தைத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகையால் அந்தத் தளங்களால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அழைப்பைப் பெரியவர் ஒருவர் பார்த்துப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தாலும் பிள்ளை போயிருக்கும். ஆனால் நள்ளிரவில் விழித்துத் தன் படத்துக்கு எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று பார்க்கும் வழக்கத்தை, எண்ணிக்கையைக் காட்டிக் காட்டி அடுத்ததற்கு இழுக்கும் அமைப்பை, பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் மன உறுதியால் மட்டும் வென்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அதைவிடக் கொடுமை, நாள் முழுவதும் வேலைக்குப் போய்த் திரும்பும் தாய் அதைத் தனியாக வென்று காட்ட வேண்டும் என்று எழுதுவது. தந்தை என்ற சொல் உங்கள் தலையங்கத்தில் ஓரிடத்திலும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். திருக்குறள் போட்டியை முகநூலிலிருந்து எடுத்துவிட்டு, ஏதாவது ஒரு கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ பிள்ளைகளை நேரில் வரவழைத்து, தமிழ் அறிந்தவர்களை நடுவர்களாக வைத்து நடத்துங்கள். நடுவராக இருக்க நானும் என் பழைய சக ஆசிரியைகளும் ஊதியமின்றி வருவோம். இதுவரை உங்கள் பக்கத்தில் ஏற்றப்பட்ட சிறார்களின் காணொளிகளைப் பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதல் கிடைக்கும் வரை இறக்கிவிடுங்கள். அடுத்த இதழில், தலையங்கம் வந்த அதே பக்கத்தில், ஆஸ்திரேலியச் சட்டம் யார் மீது கடமையைச் சுமத்துகிறது என்பதையும் நம் சட்டத்தின் 30-ஆம் பிரிவையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்.

(பேத்தியை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)